மருத்துவம்தான் இலக்கு என்றால்: பிளஸ் ஒன்னில் எந்த குரூப், பிளஸ் டூவுக்குப் பிறகு எந்த டிகிரி?

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். என்பது பிளஸ் டூ முடித்த கையோடு சேரும் படிப்பு. அதற்கு முன்னால் ஒரு பட்டம் வாங்கியிருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. பி.எஸ்சி. விலங்கியலில் பல்கலைக்கழக முதலிடம் பிடித்திருந்தாலும் அதற்காக நீட் தரவரிசையில் ஒரு மதிப்பெண்கூடச் சேராது. ஆனாலும் சேலத்தில் கல்லூரி விண்ணப்பம் போட வரும் பெற்றோர் பலர் கேட்கிற முதல் கேள்வி, 'டாக்டருக்குப் போக எந்த டிகிரி சேர்க்கலாம்?' என்பதுதான். அதற்கான முக்கிய முடிவு இரண்டு வருடத்துக்கு முன்பே, பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்திலேயே, பிளஸ் ஒன் குரூப் எடுத்தபோது முடிந்துபோயிருக்கும். முதல் முயற்சியில் சீட் கிடைக்காதவர்களுக்குத்தான் டிகிரி பற்றிய கேள்வி வருகிறது. அதற்கான கணக்கு வேறு. முதலில் குரூப்பைப் பார்த்துவிடுவோம்.

குரூப் எடுக்கும்போது

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும், ஆங்கிலமும் இருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு பாடமாக இருந்தாலும் சரி. மூன்று அறிவியல் பாடங்களையும் கூட்டிப் பொதுப் பிரிவினர் 50 சதவீதமும், பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் 40 சதவீதமும் எடுத்திருக்க வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்ப வேண்டும். மேல் வயது வரம்பு இல்லை. எத்தனை தடவை நீட் எழுதலாம் என்பதற்கும் வரம்பு இல்லை.

பெரும்பாலான பள்ளிகளில் இதற்கு ஒத்துவரும் குரூப் மூன்று. கணிதத்தோடு உயிரியல் இருக்கும் 'பயோ-மேத்ஸ்', தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக இருக்கும் 'ப்யூர் சயின்ஸ்', கணிதத்துக்குப் பதில் கணினி அறிவியல் இருக்கும் குரூப். சில பள்ளிகளில் நான்காவது பாடமாக நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், ஊட்டச்சத்து போன்றவை இருக்கும். பெயரைப் பார்த்து மயங்காமல், இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் முழுப் பாடமாக இருக்கின்றனவா என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். 'நர்சிங் இருக்கிறதே, டாக்டருக்குப் பக்கம்தானே' என்று தொழிற்பிரிவு நர்சிங்கில் சேர்த்துவிடுகிறார்கள். அதில் இயற்பியலும் வேதியியலும் முழுப் பாடமாக இல்லாததால் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு வழி அங்கேயே அடைபட்டுவிடுகிறது.

கணிதம் - கணினி அறிவியல் குரூப் எடுத்துவிட்டுப் பிறகு மனம் மாறியவர்களுக்கு ஒரு வழி உண்டு. பிளஸ் டூ முடித்த பிறகு அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. எப்படியும் ஒரு வருடம் போகும், செய்முறைத் தேர்வும் உண்டு. இந்த வழியில் போவதற்கு முன் அந்த ஆண்டின் நீட் தகவல் குறிப்பேட்டையும் மாநிலக் கலந்தாய்வுக் குறிப்பேட்டையும் வரி விடாமல் படித்துவிட வேண்டும்.

கணிதம் வேண்டுமா வேண்டாமா? வீட்டுக்கு வீடு சண்டை வருகிற இடம் இது. நீட்டில் கணிதத் தாள் இல்லைதான், ஆனால் இயற்பியலுக்கு 180 மதிப்பெண், வேதியியலுக்கு 180. அந்த 360-ல் கணிசமான பங்கு கணக்காகவே வருகிறது, கால்குலேட்டருக்கும் அனுமதி இல்லை. ஹைட்ரஜன் அயனிச் செறிவு 2 × 10⁻⁴ மோல்/லிட்டர் என்றால் பி.எச். எவ்வளவு என்று ஒரு கேள்வி வருகிறது என்று வையுங்கள். மடக்கை தெரிந்த மாணவர், மடக்கை 2-இன் மதிப்பு 0.301 என்பதை நினைவில் வைத்து 4-லிருந்து அதைக் கழித்து 3.7 என்று பத்து விநாடியில் முடித்துவிடுவார். தெரியாதவர் 4-க்கும் 3-க்கும் நடுவில் ஏதோ ஒன்று என்று குத்துமதிப்பாகக் குறிப்பார். விடைகளில் 3.3-உம் இருந்தால் போச்சு.

இருந்தாலும் நீட்டுக்குத் தேவைப்படும் கணிதம் கொஞ்சம்தான்: மடக்கை, சைன் - கோசைன் மதிப்புகள், வெக்டர் கூட்டலும் பெருக்கலும், வரைபடத்தின் சாய்வும் பரப்பும், எளிய வகையிடலும் தொகையிடலும். பிளஸ் ஒன் தொடங்குவதற்கு முன் கிடைக்கும் விடுமுறையில் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே இதைப் பிடித்துவிடலாம். எங்கள் கருத்து இதுதான்: பத்தாம் வகுப்பில் கணிதம் தடையில்லாமல் வந்த பிள்ளைக்கு பயோ-மேத்ஸ் கொடுங்கள். பொறியியலுக்கான வழியும் திறந்திருக்கும், அந்தக் கட்-ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணிதத்தில் மாட்டிக்கொண்டு திணறும் பிள்ளையை 'எதற்கும் இருக்கட்டும்' என்று அதில் தள்ள வேண்டாம். பிளஸ் டூ கணிதப் பாடத்துக்குப் போகும் நேரம் உயிரியலிலிருந்தும் வேதியியலிலிருந்தும்தான் எடுக்கப்படும். ப்யூர் சயின்ஸ் எடுத்தால் தாவரவியலும் விலங்கியலும் விரிவாகக் கிடைக்கும், நீட்டில் 90 கேள்வி, 360 மதிப்பெண் அங்கிருந்துதான் வருகிறது.

எந்தப் பள்ளி என்பதும் குரூப் அளவுக்கு முக்கியம்

அரசுப் பள்ளியில் 10-ஆம் வகுப்பு வரை படித்த பிள்ளை நல்ல மார்க் எடுத்ததும், பக்கத்திலிருக்கும் நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளிலிருந்து சலுகையோடு அழைப்பு வரும். அதற்குத் தலையாட்டுவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2020-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டப்படி மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. இந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசு ஏற்கிறது. ஆனால் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். (கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, 9-லிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் இடமுண்டு.) பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்கு மாறினால் இந்த உரிமை போய்விடும், பிறகு திரும்பி வந்தாலும் கிடைக்காது. இந்த ஒதுக்கீட்டில் கடைசி இடத்துக்குத் தேவைப்படும் நீட் மதிப்பெண், பொதுப் பட்டியலில் அதே சமூகப் பிரிவுக்குத் தேவைப்படுவதைவிட மிகவும் குறைவு. எந்த விடுதிப் பள்ளியின் பயிற்சியாலும் அந்த வித்தியாசத்தை எளிதில் ஈடுகட்ட முடியாது.

இன்னொரு குழப்பம் அரசு உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியருக்கு அரசு சம்பளம் தருவதால் அதுவும் அரசுப் பள்ளி என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் 7.5 சதவீதத்துக்கு அது கணக்கில் வராது. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலத்துறை, பழங்குடியினர் நலத்துறைப் பள்ளிகள் கணக்கில் வரும். அதனால் ஏற்காடு மலையில் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒதுக்கீடு அப்படியே பொருந்தும்.

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் விஷயத்தில் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மாநில ஒதுக்கீட்டில் எஸ்.டி.க்கு 1 சதவீத இடம் உண்டு, ஆனால் சாதிச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் அதைக் கேட்க முடியும். எஸ்.டி. சான்றிதழைத் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் நிலையில்தான் தருகிறார்கள். விசாரணை நடக்கும், நேரம் பிடிக்கும். நீட் ரிசல்ட் வந்த பிறகு விண்ணப்பித்தால் கலந்தாய்வுக்குள் வந்து சேரும் என்ற நம்பிக்கையில் இருக்காதீர்கள். பத்தாம் வகுப்பிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும். அப்பா அல்லது அம்மாவுக்கு ஏற்கெனவே இருக்கும் சான்றிதழ், பள்ளிப் பதிவேட்டில் உள்ள சாதிப் பெயர், இரண்டிலும் எழுத்துப் பிசகு இருந்தால் அதைத் திருத்துவதுதான் முதல் வேலை.

பிளஸ் டூ மார்க்கைக் கைவிடாதீர்கள்

'நீட் மார்க்தான் கணக்கு, போர்டு எக்ஸாம் பாஸ் ஆனால் போதும்' என்று கோச்சிங் போகும் பிள்ளைகள் சொல்வார்கள். எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். வரைக்கும் அது சரி. சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதிக்கும் நீட்தான். ஆனால் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் போன்ற துணை மருத்துவப் படிப்புகள், கால்நடை மருத்துவத்தின் மாநில இடங்கள், வேளாண்மை எல்லாம் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் நிரப்பப்பட்டு வருகின்றன. நீட்டில் சறுக்கி, பிளஸ் டூவிலும் கோட்டை விட்டால் இந்த வழிகளும் அடைபட்டுவிடும்.

சீட் கிடைக்கவில்லை; இனி?

முதலில் செய்ய வேண்டியது மார்க்கை மூன்றாகப் பிரிப்பது. மொத்தம் 460 என்று வைத்துக்கொள்வோம்: உயிரியல் 310, வேதியியல் 105, இயற்பியல் 45. உயிரியலில் இனி ஏறக்கூடியது அதிகபட்சம் 50, வேதியியலில் 75, இயற்பியலில் 135. சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1 என்பதால், தவறாகப் போட்ட ஒரு கேள்வியைச் சரியாகப் போட்டாலே 5 மார்க் ஏறுகிறது. இயற்பியலில் அப்படி 12 கேள்வியைத் திருத்தினால் 60 மார்க். பெரும்பாலானவர்கள் இதற்கு நேர்மாறாக, தெரிந்த உயிரியலையே இன்னொரு வருடம் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கிறார்கள், ஏனென்றால் அது மனசுக்கு இதமாக இருக்கிறது.

அடுத்து, இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு மார்க்கை ஒப்பிடக் கூடாது, தரவரிசையைத்தான் ஒப்பிட வேண்டும். 2024-இல் 17 பேர் 720-க்கு 720 வாங்கினார்கள். 2025-இல் இயற்பியல் கடினமாக வந்ததும் முதலிடமே 686-ஆக இறங்கியது. போன வருடம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு எத்தனைக்கு சீட் கிடைத்தது என்பது இந்த வருடத்துக்கு உதவாது. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு வெளியிடும் இட ஒதுக்கீட்டுப் பட்டியலை எடுத்து, உங்கள் சமூகப் பிரிவில் அரசுக் கல்லூரியின் கடைசி இடம் எந்தத் தரவரிசை வரை போனது, உங்கள் தரவரிசை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சேலத்துப் பிள்ளைகள் பலருக்கு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரிதான் கனவு. அதை மட்டும் பார்க்காமல் மாநிலம் முழுவதுக்கும் பாருங்கள்.

கொஞ்ச தூரம்தான் என்றால் முதல் மறுமுயற்சியை முழுநேரமாகச் செய்வதே நல்லது. ஒரு வருட இடைவெளி கலந்தாய்வில் எந்தக் குறையும் ஆகாது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மறுமுயற்சியிலும் 7.5 சதவீத உரிமை இருக்கிறது. தூரம் அதிகம் என்றாலும், இரண்டாவது மறுமுயற்சி என்றாலும், டிகிரியில் சேர்ந்துகொண்டு எழுதுங்கள். மூன்று வருடம் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதி, கடைசியில் கையில் பிளஸ் டூ சான்றிதழ் மட்டும் இருக்கும் பிள்ளைகளைச் சேலத்தில் நிறையவே பார்க்கலாம். அவர்களில் பலர் படிப்பில் கெட்டிக்காரர்கள். அது நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் டிகிரியின் வேலை. பணமும் ஒரு காரணம்: அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்வியில் சேர்ந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரும். வீட்டில் உட்கார்ந்து படித்தால் வராது.

எந்த டிகிரி?

இங்கே இரண்டு கேள்விக்கும் 'ஆமாம்' என்று பதில் வர வேண்டும். இந்த டிகிரி நீட்டில் என் பலவீனமான பாடத்துக்கு உதவுமா? எம்.பி.பி.எஸ். கிடைக்காமலே போனாலும் இந்த டிகிரியை முடித்துப் பிழைக்க எனக்குச் சம்மதமா? இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்றால் அந்த சீட்டை எடுக்காதீர்கள். பாதி மனசோடு சேர்ந்த டிகிரியில் அரியர் மட்டும்தான் சேரும்.

வேதியியல். எங்கள் முதல் பரிந்துரை பி.எஸ்சி. வேதியியல்தான், அதிலும் துணைப்பாடமாக இயற்பியல் இருக்கும் கல்லூரி. முதல் வருடத்தில் அணு அமைப்பு, தனிம வரிசைப் பண்புகள், வேதிப் பிணைப்பு, ஹைட்ரோகார்பன்கள் என்று நீட் பாடத்திட்டத்தின் அலகுகள் வரிசையாக வருகின்றன. செய்முறை இன்னும் நேரடியாக உதவுகிறது. 2024-இலிருந்து நடப்பில் இருக்கும் நீட் பாடத்திட்டத்தில் வேதியியலின் 20-ஆவது அலகே செய்முறை வேதியியல். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை ஆக்ஸாலிக் அமிலத்தோடும் மோர் உப்போடும் (Mohr's salt, இரும்பு அம்மோனியம் சல்ஃபேட்) தரம் பார்ப்பது (டைட்ரேஷன்) அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் இதைக் கையால் செய்த பிள்ளைக்கு விஷயம் மறக்காது. ஆக்ஸாலிக் அமிலத்தை 60-70 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கித்தான் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள், ஏனென்றால் குளிர்ந்த நிலையில் வினை மெதுவாக நடக்கும். மோர் உப்பைச் சூடாக்கக் கூடாது, சூடாக்கினால் அதிலுள்ள இரும்பு காற்றிலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து அளவு தப்பும். இரண்டிலும் நீர்த்த சல்ஃபூரிக் அமிலம்தான் சேர்க்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் பெர்மாங்கனேட் அதையே குளோரினாக மாற்றிக்கொண்டு தீர்ந்துபோகும். தனியாக இண்டிகேட்டர் தேவையில்லை. முதல் இளஞ்சிவப்பு கலையாமல் நின்றால் அதுவே முடிவுப் புள்ளி. இந்த நான்கு வரியில் நான்கு நீட் கேள்வி இருக்கிறது. அது போக, எம்.எஸ்சி., பி.எட்., மருந்து நிறுவனத் தரக்கட்டுப்பாடு என்று வேதியியலுக்குத் தனி எதிர்காலமும் உண்டு.

இயற்பியல். நீட்டில் இயற்பியல்தான் காலை வாருகிறது என்பதால் பி.எஸ்சி. இயற்பியல் சேரலாமே என்று தோன்றும். அங்கே முதல் வருடத்திலேயே நுண்கணிதம் ஆழமாக வந்துவிடும், துணைப்பாடமாகக் கணிதம் வேறு. ஒரு கணக்கை அரைப் பக்கம் வருவித்து எழுதுவது பல்கலைக்கழகத் தேர்வுக்குச் சரி. நீட்டில் 180 நிமிடத்தில் 180 கேள்வி, ஒன்றுக்கு ஒரு நிமிடம்தான். உண்மையிலேயே இயற்பியல் பிடித்தவர்கள் மட்டும் இதை எடுக்கலாம்.

விலங்கியல், தாவரவியல். அதிகம் பேர் சேர்வது விலங்கியலில்தான், எதிர்பார்த்த பலன் கிடைக்காமல் போவதும் அங்கேதான். முதல் வருடம் முதுகெலும்பற்றவை, பிறகு முதுகெலும்புள்ளவை என்று வகைப்பாடு விரிவாகப் போகும். நீட்டில் அதற்கு ஒரு சில கேள்விகளே. நீட் அதிகம் கேட்கும் மனித உடலியங்கியலும் மரபியலும் பல பாடத்திட்டங்களில் பின்னால்தான் வருகின்றன. ஏற்கெனவே உயிரியலில் 300 தாண்டியவருக்கு இந்த டிகிரி தரும் கூடுதல் மதிப்பெண் மிகக் குறைவு. தாவரவியலில் ஒரு நன்மை உண்டு: 2024 பாடத்திட்டத்தில் மால்வேசி, குருசிஃபெரே, லெகுமினோசே, காம்போசிட்டே, கிராமினே என்று ஐந்து குடும்பங்கள் இருக்கின்றன, கல்லூரியில் அவற்றைப் பூவைப் பிரித்தே படிப்பீர்கள். மற்றபடி, எம்.எஸ்சி. வரை போய் ஆசிரியராகவோ ஆய்வாளராகவோ ஆக விருப்பம் இருந்தால் இரண்டும் நல்ல படிப்புகள்.

நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிர்தொழில்நுட்பம். பெயரில் மருத்துவ வாசனை இருப்பதால் தனியார் கல்லூரிகளில் இவற்றுக்குக் கட்டணம் கூட. நீட்டோடு ஒட்டும் பகுதி குறைவு. மூன்று வருடப் பட்டத்தோடு கிடைக்கும் ஆய்வக வேலைகளில் சம்பளமும் குறைவுதான், எம்.எஸ்சி. முடித்தால்தான் நிலைமை மாறும். அந்த ஐந்து வருடத்துக்கு வீட்டில் வசதி இருந்தால் சேருங்கள்.

சேலத்தில் அரசு கலைக் கல்லூரி, கோரிமேட்டில் அரசு மகளிர் கலைக் கல்லூரி, ஃபேர்லேண்ட்ஸில் ஸ்ரீ சாரதா மகளிர் கல்லூரி என்று நகருக்குள்ளேயே அடிப்படை அறிவியல் படிக்கலாம். அரசுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் ஆன்லைனில் மே மாதவாக்கில், நீட் ரிசல்ட் வருவதற்கு முன்பே போகும். 'ரிசல்ட் பார்த்துவிட்டுப் போடலாம்' என்று இருந்தால் தேதி முடிந்திருக்கும். கட்டணம் குறைவு என்பதால் இழப்பதற்கு ஒன்றுமில்லை, போட்டு வையுங்கள்.

காலண்டரைப் பாருங்கள்

டிகிரியோடு நீட்டுக்குப் படிப்பவர்கள் தோற்பது பெரும்பாலும் ஏப்ரலில். நீட் வழக்கமாக மே முதல் ஞாயிறு. கல்லூரியில் இரட்டைப்படை செமஸ்டரின் செய்முறைத் தேர்வும் எழுத்துத் தேர்வும் ஏறத்தாழ மார்ச் கடைசியிலிருந்து மே வரை. மாடல் டெஸ்ட் எழுதிப் பழக வேண்டிய ஆறு வாரமும் அதுவேதான். ஆகவே ஜூலையிலேயே கணக்குப் போடுங்கள். நவம்பர் செமஸ்டர் முடிவதற்குள் பிளஸ் ஒன் பாடம் முழுவதையும் நீட் நோக்கில் முடித்துவிட வேண்டும். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி பிளஸ் டூ பாடத்துக்கு. மார்ச்சிலிருந்து முழுத் தேர்வுகள். செமஸ்டருக்கு வரும் தமிழ், ஆங்கிலம் தாள்களைப் பிப்ரவரியிலேயே படித்து வைத்தால் ஏப்ரலில் முதன்மைப் பாடத்தைப் பார்த்தால் போதும். செய்முறைத் தேர்வை மட்டும் எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள். எழுத்துத் தாளை அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வை விட்டால் அடுத்த வருடம் அதே செமஸ்டர் வரும் வரை காத்திருக்க வேண்டி வரலாம்.

அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வேண்டும். கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டி எழுதலாம், ரொம்பக் குறைந்தால் அந்த செமஸ்டர் தேர்வே எழுத முடியாது. வாழப்பாடியிலிருந்தோ எடப்பாடியிலிருந்தோ தினமும் பஸ்ஸில் வருபவர் போக வர இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாமல் இழக்கிறார். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருபவர்களுக்கு மழைக்காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. மலைப் பிள்ளைகள் சேலத்தில் அரசு நல விடுதிக்குச் சேர்க்கையின்போதே விண்ணப்பிப்பது நல்லது. ஷிஃப்ட் முறை இருக்கும் கல்லூரி என்றால் காலை ஷிஃப்டைக் கேட்டு வாங்குங்கள். மதியத்துக்கு மேல் உங்கள் நேரம்.

நர்சிங், பார்மசி, துணை மருத்துவம், கால்நடை

இவற்றை நீட்டுக்கான காத்திருப்பு அறையாகப் பயன்படுத்த வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், முதல் வருடத்திலிருந்தே வார்டு பணி உண்டு, இரவில் நீட் புத்தகத்தைத் திறக்க உடம்பு ஒத்துழைக்காது. நடுவில் விட்டால் கல்லூரி கட்டணம் கேட்கும் விதிகளும் இருக்கலாம், சேரும் முன் குறிப்பேட்டில் 'படிப்பை இடையில் நிறுத்துதல்' என்ற பகுதியைப் படியுங்கள். அதற்கும் மேலாக, நீங்கள் விட்டுப் போகும் அரசு சீட் காலியாகவே கிடக்கும். அந்த வேலையையே விரும்பிச் சேருபவர்களுக்கு இவை முதல் தரமான படிப்புகள். விலங்குகள் மேல் ஈடுபாடு இருப்பவர்களுக்கு, சேலம் மாவட்டத்திலேயே தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இண்டர்ன்ஷிப்போடு சேர்த்து ஐந்தரை வருடம், அதுவும் 'டாக்டர்' படிப்புதான்.

வெளிநாடு

டிகிரி முடித்துவிட்டு மருத்துவம் படிக்கும் முறை அமெரிக்காவில் இருக்கிறது. அங்கேயும் 'ப்ரீ-மெட்' என்று ஒரு பட்டம் இருப்பதாக எண்ண வேண்டாம். எந்தப் பாடத்திலும் பட்டம் பெறலாம். கூடவே உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஒவ்வொன்றும் ஆய்வகத்தோடு ஒரு வருடம், உயிர்வேதியியல் ஒரு செமஸ்டர் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. பிறகு எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு, மதிப்பெண் 472 முதல் 528 வரை. வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும் கல்லூரிகள் குறைவு. எடுப்பவற்றிலும் பல, அமெரிக்கக் கல்லூரியில் படித்த பாடங்களைக் கேட்கின்றன. இங்கே பி.எஸ்சி. முடித்துவிட்டு நேராகப் போய்விடலாம் என்ற திட்டம் அநேகமாக நடக்காது.

வேறு நாடுகளில் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு இங்கே வந்து டாக்டராக வேலை செய்வதாக இருந்தால், போவதற்கு முன் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். 2021 நவம்பர் 18-இல் வந்த விதிப்படி, படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில் இருக்க வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாத இண்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும், அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்யும் தகுதியும் கிடைக்க வேண்டும். 'முதலில் ஒன்றரை வருடம் பி.எஸ்., பிறகு நான்கு வருடம் எம்.டி.' என்று ஏஜெண்ட் சொன்னால் (அங்கே எம்.டி. என்பது நம் எம்.பி.பி.எஸ். போன்ற பட்டம்), அந்த பி.எஸ். என்ற முன்படிப்பு இந்த 54 மாதக் கணக்கில் சேராது என்பதை நினைவில் வையுங்கள். மீதி நான்கு வருடம் 48 மாதம்தான்.

சான்றிதழ்கள்

டிகிரியில் சேரும்போது டி.சி.யை ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன் பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் கலரில் ஸ்கேன் செய்து, ஐந்து செட் நகலும் எடுத்து வையுங்கள். அசல் மதிப்பெண் பட்டியலைக் கல்லூரி சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்திருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்கள் 6 முதல் 12 வரை படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியரிடம் படிப்புச் சான்று வாங்க வேண்டும். கோடை விடுமுறையில் பள்ளி அலுவலகத்தில் ஆள் பிடிப்பது கஷ்டம் என்பதால் ஏப்ரல் பாதிக்குள் முடித்துவிடுங்கள். எம்.பி.பி.எஸ். இடம் ஒதுக்கீடாகி ஆணை கையில் வந்த பிறகுதான் கல்லூரியில் விலகல் கடிதம் கொடுக்க வேண்டும். ஒதுக்கீட்டு ஆணையின் நகலை இணைத்துத் துறைத் தலைவரின் கையெழுத்து, நூலகம், ஆய்வகம், விடுதி ஆகிய மூன்றிலும் நிலுவையில்லாச் சான்று, பிறகு முதல்வர் அலுவலகம் என்று போகும். சேர்வதற்குக் கொடுக்கும் அவகாசம் ஒரு வாரத்துக்கும் குறைவாக இருக்கலாம். ஆய்வகத்தில் உடைந்த பியூரெட்டுக்குக் கட்ட வேண்டிய பணம், நூலகத்தில் திருப்பித் தராத புத்தகம் இவற்றையெல்லாம் கலந்தாய்வு தொடங்கும் முன்பே தீர்த்து வைத்துவிட்டால் டி.சி. ஒரே நாளில் கைக்கு வரும்.